தொட்டுக்கொள்வதைக் கூட்டுங்கள்: அன்றாடச் சாப்பாட்டிலேயே போதுமான பொட்டாசியம்

"தொட்டுக்க என்ன இருக்கு?" என்று கேட்டுவிட்டுத்தான் நம் வீடுகளில் தட்டின் முன்னால் உட்காருகிறோம். அந்தச் சொல்லைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். சோறுதான் சாப்பாடு, காயும் கீரையும் விரலால் தொட்டுக்கொள்ள மட்டும். ஒரு கரண்டி பொரியலைத் தட்டின் ஓரத்தில் வைத்துக்கொண்டு, அதைத் தொட்டுத் தொட்டே மலைபோலக் குவிந்த சோற்றைக் காலி செய்யும் பழக்கம் எனக்கும் பல வருடங்கள் இருந்தது. உடம்புக்குத் தினமும் வேண்டிய தாதுச் சத்தான பொட்டாசியம் நமக்குப் போதாமல் போவது இந்த இடத்தில்தான் என்று பின்னால் புரிந்தது.

எப்படிப் புரிந்தது என்றால், அம்மாவுக்குப் பி.பி. ஏறியது. மாத்திரை எழுதிக் கொடுத்த டாக்டர், உப்பைக் குறையுங்கள், பொட்டாசியம் உள்ள சாப்பாடு நிறையச் சேருங்கள் என்றார். அம்மா அன்றிலிருந்து ராத்திரி ஒரு வாழைப்பழத்துக்குப் பதில் இரண்டு சாப்பிட ஆரம்பித்தார், அதோடு விஷயம் முடிந்தது என்று எல்லோரும் நினைத்தோம். எனக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை சமையலறைத் தராசை எடுத்து வைத்து, அம்மா காலை முதல் இரவு வரை சாப்பிட்டதையெல்லாம் நிறுத்து, நோட்டில் எழுதிக் கூட்டிப் பார்த்தேன். அந்த இரண்டு பழத்தையும் சேர்த்து 1,700 மில்லிகிராம்கூட வரவில்லை.

பெரியவர்களுக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 3,510 மி.கி. பொட்டாசியம் உணவிலிருந்து கிடைக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2012-இல் சொன்னது. நம் ஊர் ஐ.சி.எம்.ஆர்., அதாவது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கணக்கும் 3,500-ஐ ஒட்டித்தான். அமெரிக்காவில் 2019-இல் ஆணுக்கு 3,400, பெண்ணுக்கு 2,600 என்று வைத்தார்கள். எதை எடுத்துக்கொண்டாலும் எங்கள் வீட்டுக் கணக்கு ரொம்பக் கீழே இருந்தது. "3,500-ஐ நோக்கிப் போக வேண்டும்" என்று மனதில் வைத்துக்கொண்டால் போதும், தினமும் மில்லிகிராம் எண்ணிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

முதலில் இதைப் படித்துவிடுங்கள்: எல்லோருக்கும் இது பொருந்தாது

வழி சொல்வதற்கு முன்னால் இதைச் சொல்லாமல் போனால் நான் செய்வது பெரிய தப்பு. சிறுநீரகம் நன்றாக வேலை செய்கிற ஒருவருக்குச் சாப்பாட்டில் பொட்டாசியம் கொஞ்சம் கூடினாலும் கவலை இல்லை, மிச்சத்தைச் சிறுநீரகம் வெளியே தள்ளிவிடும். சிறுநீரகம் பழுதுபட்டவருக்கு அது முடியாது. ரத்தத்தில் பொட்டாசியம் சேர்ந்துகொண்டே போகும், ஓர் அளவுக்கு மேல் போனால் இதயத் துடிப்பு தாறுமாறாகி நின்றே போகலாம். ரத்தத்தில் அது லிட்டருக்கு 3.5-இலிருந்து 5 மில்லிமோல் வரை இருப்பதுதான் சரியான அளவு.

என் பெரியப்பாவுக்குக் கிரியேட்டினின் கூடியிருந்தது, ரத்தத்தில் அது ஏறினால் சிறுநீரகம் சரியாக வேலை செய்யவில்லை என்று அர்த்தம். அது தெரிந்தும், சித்திரை வெயிலுக்கு நல்லது என்று தினம் இரண்டு இளநீர் வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தோம். போதாததற்கு, "கிட்னிக்கு நல்லது" என்று யாரோ சொன்னதைக் கேட்டு வாழைத்தண்டுச் சாறும். ஒருநாள் கைகால் தளர்ந்து எழுந்திருக்க முடியாமல் போய், அவசரப் பிரிவுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். பொட்டாசியம் 6.8 இருந்தது. பிழைத்துக்கொண்டார். ஆனால் அந்த இளநீரை ஓட்டை போட்டு, குழாய் சொருகிக் கையில் கொடுத்தது நான்தான், அதை இன்னும் மறக்க முடியவில்லை.

சிறுநீரகக் கல் வேறு, சிறுநீரகச் செயலிழப்பு வேறு. வாழைத்தண்டுச் சாறு கல்லுக்காகப் பேசப்படுகிற வைத்தியம், அதைச் சிறுநீரகம் பழுதானவருக்குக் கொடுப்பது ஆபத்து. இந்தக் குழப்பம் நம் ஊரில் ரொம்பப் பரவியிருக்கிறது, தயவுசெய்து உங்கள் வீட்டுப் பெரியவர்களிடமும் எடுத்துச் சொல்லுங்கள்.

மாத்திரைகளையும் பார்க்க வேண்டும். ராமிப்ரில், எனலாப்ரில், லோசார்டன், டெல்மிசார்டன் மாதிரியான பி.பி. மாத்திரைகளும், ஸ்பைரோனோலாக்டோன் என்கிற நீர் மாத்திரையும் உடம்பில் பொட்டாசியத்தைத் தங்க வைக்கும். ஃபுரோசிமைடு, ஹைட்ரோகுளோரோதயசைடு போன்ற நீர் மாத்திரைகளோ அதை வெளியேற்றிவிடும். இரண்டையும் "பிரஷர் மாத்திரை, நீர் மாத்திரை" என்று ஒரே பெயரில்தான் வீட்டில் சொல்வோம், வேலை மட்டும் எதிரெதிர். அதனால் சர்க்கரையோ, பி.பி.யோ, சிறுநீரகக் கோளாறோ இருந்தால் கிரியேட்டினின், பொட்டாசியம் இரண்டையும் ரத்தத்தில் பார்த்துவிட்டு, ரிப்போர்ட்டை டாக்டரிடம் காட்டி ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, அப்புறம் கீழே சொல்வதைத் தொடங்குங்கள். அம்மா எடுத்துக்கொள்வதும் பொட்டாசியத்தைத் தங்க வைக்கிற ரகம்தான், நாங்களும் பார்த்துக் கேட்ட பிறகுதான் அவர் தட்டில் கை வைத்தோம்.

இன்னொன்று, ரத்தத்தில் அளவு சரியாக இருப்பதை வைத்து, சாப்பாட்டில் போதுமான அளவு கிடைக்கிறது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். உடம்பிலுள்ள பொட்டாசியத்தில் 98 சதவீதம் செல்களுக்குள்ளே இருக்கிறது, ரத்தத்தில் ஓடுவது துளிதான், அந்தத் துளியைச் சமமாக வைத்துக்கொள்ள உடம்பு படாத பாடு படும். ரிப்போர்ட் நார்மல் என்று வந்தவரும் கீரையே தொடாதவராக இருக்கலாம். அதேபோல ராத்திரி கெண்டைக்கால் சுண்டி இழுத்தாலே பொட்டாசியம் குறைவு என்று முடிவு செய்வதும் சரியில்லை, குரக்குவலிக்குப் பல காரணங்கள் உண்டு.

வாழைப்பழத்தை விட்டு வெளியே வாருங்கள்

வாழைப்பழம் நல்லதுதான், நானும் தினம் ஒன்று சாப்பிடுகிறேன். கணக்கை மட்டும் பாருங்கள்: நல்ல பெரிய பச்சைப்பழம் ஒன்றில் ஏறக்குறைய 400 மி.கி. பூவன், ரஸ்தாளி போலச் சின்னப் பழமாக இருந்தால் 200-இலிருந்து 300. பழத்தை மட்டுமே நம்பி 3,500-ஐ எட்ட வேண்டுமென்றால் பத்து வாழைப்பழம் வேண்டும். யார் சாப்பிடுவது?

தேனி, திருச்சிப் பக்கம் வாழை போடுகிற விவசாயியைக் கேட்டுப் பாருங்கள், பொட்டாஷ் உரம் சரியாக வைக்காவிட்டால் தார் எடை ஏறாது என்பார். மண்ணிலிருந்து அவ்வளவு பொட்டாசியத்தை உறிஞ்சுகிற பயிர் அது. அது பழத்தில் மட்டும் இல்லை, காயிலும் பூவிலும் தண்டிலும் இருக்கிறது. வாழைக்காயில் 100 கிராமுக்கு 400-ஐத் தாண்டும், பழத்தைவிட ஒரு படி மேல்தான். பொட்டாசியம் என்கிற பெயரே சாம்பலிலிருந்து வந்ததுதான். மரச்சாம்பலைக் கரைத்து வடித்துப் பானையில் காய்ச்சி எடுத்த உப்புக்குப் பொட்டாஷ் என்று பெயர், அந்தப் பொட்டாஷிலிருந்து 1807-இல் ஹம்ப்ரி டேவி இந்த உலோகத்தைப் பிரித்தெடுத்தார். பாட்டி காலத்தில் பாத்திரம் துலக்கின அடுப்புச் சாம்பல் எண்ணெய்ப் பிசுக்கை எடுத்ததற்கும் அந்த உப்புதான் காரணம். செடி கொடி எதுவானாலும் உள்ளே பொட்டாசியம் இருக்கிறது, நாம் அதை எவ்வளவு தின்கிறோம், எப்படிச் சமைக்கிறோம் என்பதுதான் கேள்வி.

சரி, எதில் எவ்வளவு? ரகம், மண், பக்குவம் பொறுத்து மாறும், அதனால் நான் தரும் எண்களைத் தோராயமாக எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளைச் சோறு 100 கிராமில் 35 மி.கி., அவ்வளவுதான். அதே எடைக்கு வெந்த துவரம்பருப்பில் 380, வெந்த கொண்டைக்கடலையில் 290, ராஜ்மாவில் 400. இதைப் பார்த்த அன்றுதான் எனக்கு விஷயம் உறைத்தது: சோற்றையும் பருப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பத்து மடங்கு வித்தியாசம், நாமோ சோற்றைக் குவித்துப் பருப்பை அதன்மேல் தெளித்துக்கொள்கிறோம்.

தண்டுக்கீரை, அரைக்கீரை, முளைக்கீரை வகையறாவிலும் பாலக்கிலும் பச்சை இலை 100 கிராமுக்கு 500 முதல் 600 வரை. முருங்கைக்கீரையில் 350, 400. முருங்கைக்காயில் 450-ஐ ஒட்டி வரும், அதைச் சக்கை தவிர முழுசாகச் சப்பிச் சாப்பிட வேண்டும், பாதி சப்பிப் போட்டுவிட்டுக் கணக்கில் சேர்க்காதீர்கள். உருளைக்கிழங்கு தோலோடு வேகவைத்தால் 380. சேப்பங்கிழங்கில் பச்சையாக 590 வரை. திருநெல்வேலிப் பக்கம் பொங்கலுக்குச் சேனை, சிறுகிழங்கு, பிடிகிழங்கு என்று கிழங்காகவே படைத்துச் சமைப்பார்களே, அந்த ஒரு நாள் சாப்பாட்டை மாசத்துக்கு நாலு தடவை செய்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று ஒவ்வொரு தையிலும் நினைத்துக்கொள்வேன். தக்காளியில் 240தான், ஆனால் நம் சமையலில் அது எல்லாவற்றிலும் விழுவதால் நாள் முழுக்கச் சேர்ந்தால் கணிசம்.

பால் 100 மில்லிக்கு 150, தயிரும் அதே அளவு. ஒரு கைப்பிடி வறுத்த வேர்க்கடலை, அதாவது 30 கிராமில், 200. கேழ்வரகு மாவு 100 கிராமுக்கு 400 பக்கம், கூழாகவோ களியாகவோ சாப்பிட்டால் சோற்றைவிட எவ்வளவோ மேல், மோர் ஊற்றிக் கரைத்தால் அந்த மோரும் கூட. இளநீர் ஒரு டம்ளருக்கு, 200 மில்லிக்கு, 400-லிருந்து 500. கொய்யா நடுத்தரமாக ஒன்று 300 முதல் 500. பலாச்சுளை 100 கிராமுக்கு 450. உலர்ந்த பேரீச்சை 100 கிராமுக்கு 650 இருந்தாலும் அவ்வளவு யாரும் சாப்பிடக் கூடாது, சர்க்கரை அதிகம், நாலு பழம் போதும். மத்தி, அயிலை போன்ற மீன்களில் 100 கிராமுக்கு 300, 400, அதைக் குழம்பாக வைத்தால் சாறில் இறங்கியதும் வீணாகாது. கருவாட்டை மட்டும் இதில் சேர்க்காதீர்கள், அதோடு வரும் உப்பு எல்லாவற்றையும் கெடுத்துவிடும்.

பொட்டாசியம் பட்டியல் என்று தேடினால் அவகாடோவும் சால்மனும் முதலில் வந்து நிற்கும். அவகாடோவில் 100 கிராமுக்கு 480, அவ்வளவுதான். தெருவில் கூவிக்கொண்டு போகிற கீரைக்காரம்மாவின் கூடையில் இருப்பது அதைவிட ஒரு மாற்றுக்கூடக் குறைச்சல் கிடையாது.

தண்ணீரைக் கொட்டாதீர்கள்

இது சமைப்பவர்களுக்கான பகுதி, எனக்கு ரொம்பப் பிடித்த பகுதியும் இதுதான். பொட்டாசியம் சூட்டில் அழியாது. எவ்வளவு நேரம் கொதித்தாலும் அது அங்கேயேதான் இருக்கும், ஆனால் தண்ணீரில் கரைந்து வெளியே வந்துவிடும். தோல் சீவி, பொடியாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரை வடித்துக் கொட்டினால் உருளைக்கிழங்கில் இருந்ததில் பாதி சாக்கடைக்குப் போய்விடும். ஆகவே நறுக்குவதற்கு முன்னால் கழுவுங்கள், நறுக்கியபின் ஊறப்போடாதீர்கள், உருளைக்கிழங்கை முழுசாகத் தோலோடு வேகவைத்து அப்புறம் உரியுங்கள். காயை வேகவைக்கிற தண்ணீர் காய்க்குள்ளேயே வற்றுகிற அளவுக்கு மட்டும் ஊற்றுங்கள். குக்கர், ஆவி இரண்டும் நல்லது.

நம் பழைய சமையலில் இதற்கான ஏற்பாடெல்லாம் ஏற்கெனவே இருக்கிறது. துவரம்பருப்பு வெந்த தண்ணீரை வடித்து ரசம் வைப்போமே, அந்தப் பருப்புத் தண்ணீரில் நல்ல அளவு பொட்டாசியம் இறங்கியிருக்கும். கொங்குப் பக்கம் கொள்ளு வேகவைத்தால் தண்ணீரை இறுத்து ரசம், கொள்ளைக் கடைந்து பருப்பு, எதுவும் வீணில்லை. கீரை மசியலில் கீரை வெந்த தண்ணீரோடு சேர்த்துத்தான் கடைவோம். கூட்டு இன்னும் மேல்: பருப்பும் காயும் ஒரே பாத்திரத்தில், ஒரு சொட்டுத் தண்ணீர் வெளியே போகாமல். பொட்டாசியத்துக்கென்றே யாராவது ஒரு பதார்த்தத்தைக் கண்டுபிடித்திருந்தால் அது கூட்டாகத்தான் இருக்க முடியும் என்று எனக்குத் தோன்றும்.

இப்போது பல வீடுகளில் கீரையைக் கொதிக்கும் தண்ணீரில் போட்டு, பிழிந்து எடுத்து, பச்சை நிறம் மாறாமல் பொரியல் செய்கிறார்கள். பார்க்க அழகாக இருக்கும். பிழிந்த தண்ணீரை ரசத்திலோ சாம்பாரிலோ ஊற்றிவிட்டால் சரி. சுண்டலுக்குக் கடலையை ஊறவைத்த தண்ணீரைக் கொட்டிவிடலாம், வாயுத் தொல்லை குறையும், கொஞ்சம் போனால் போகட்டும். வேகவைத்த தண்ணீரை மட்டும் எடுத்து வைத்து, மிளகு சீரகம் தட்டிப் போட்டுக் கொதிக்கவிட்டுக் குடியுங்கள். வாழைத்தண்டை நறுக்கி மோர்த் தண்ணீரில் போட்டு வைத்தால் கறுக்காது என்பது சரிதான், அடுப்பில் வைக்கப் போகிற நேரத்தில் நறுக்கினால் அதற்கும் அவசியமில்லை.

சிறுநீரகம் பழுதானவர்களுக்கு இதே விஷயம் தலைகீழ். அவர்களுக்குக் காயைத் தோல் சீவி, பொடியாக நறுக்கி, ஏராளமான தண்ணீரில் கொதிக்கவிட்டு, அந்தத் தண்ணீரை வடித்துக் கொட்டிவிட்டுத்தான் தாளிக்க வேண்டும். பெரியப்பா வீட்டில் இப்போது அப்படித்தான் நடக்கிறது. அவர் வந்து தங்கும் நாளில் எங்கள் வீட்டிலும் அவருக்குத் தனிச் சட்டி, பருப்புத் தண்ணீர் ரசமும் கிடையாது.

ஒரு நாள் கணக்கு

கிண்ணம் என்று சொல்லும்போது 150 மில்லி பிடிக்கிற எவர்சில்வர் கிண்ணத்தைச் சொல்கிறேன், எல்லோர் வீட்டிலும் இருக்கும். பொரியலுக்குக் கரண்டியை விட்டுவிட்டு இந்தக் கிண்ணத்தை எடுத்ததுதான் நாங்கள் செய்த முதல் வேலை. முதலில் கிண்ணம் நிறையக் காயோ கீரையோ ஆளுக்கொன்று எடுத்து வைத்துவிட்டு, அப்புறம் சோறு போடுவது. சோற்றை யாரும் குறைக்கச் சொல்லவில்லை, வயிற்றில் இடமில்லாமல் தானாகக் குறைந்துவிட்டது.

காலையில் இட்லி என்றால் சட்னியை மட்டும் நம்பாமல் ஒரு கிண்ணம் காய் போட்ட சாம்பார், அதில் பருப்பும் காயுமாக 400 வந்துவிடும். பதினோரு மணிக்கு ஒரு கொய்யா, 400. மதியம் ஒரு கிண்ணம் கீரை மசியல், ஆளுக்கு 100 கிராம் பச்சை இலை அதில் அடங்கும், 500. ஒரு கட்டுக் கீரையை ஆய்ந்தால் 200, 250 கிராம் தேறும், ஆக ஒரு கட்டு இரண்டு பேருக்குத்தான், அதை வைத்து ஆறு பேருக்குப் பரிமாறக் கூடாது. அதோடு பருப்போ குழம்போ, ஆளுக்கு 30 கிராம் பச்சைப் பருப்பு விழும்படி, 400. கடைசியில் ஒரு கிண்ணம் தயிர், 220. சாயந்தரம் ஒரு கிண்ணம் கடலைச் சுண்டல், 300. ராத்திரி சப்பாத்தியோ தோசையோ, உருளைக்கிழங்கு மசாலாவில் ஆளுக்கு நடுத்தரக் கிழங்கு ஒன்று, 500. நாள் முழுக்க இரண்டு காபிக்கான பால் 200 மில்லி, 300. படுக்கப்போகும் முன் அம்மாவின் வாழைப்பழம், இப்போது ஒன்றே ஒன்று, 350. கூட்டிப் பாருங்கள், 3,300-ஐத் தாண்டிவிட்டது. சோறு, இட்லி, சப்பாத்தியில் இருப்பதை நான் சேர்க்கவேயில்லை.

தினமும் இப்படியே நடக்காது, எங்கள் வீட்டிலும் நடப்பதில்லை. கல்யாணத்துக்குப் போவோம், உடம்பு சரியில்லாத நாளில் கஞ்சியும் துவையலும்தான், மாதக் கடைசியில் காய் வாங்கக் கை கடிக்கும். இரண்டு விஷயத்தை மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டோம்: வாரத்தில் நாலு நாள் கீரை, தினமும் ஏதாவது ஒரு பயறு. கை கடிக்கிற வாரத்தில் பயறுதான் காப்பாற்றும். பச்சைப்பயறும் தட்டைப்பயறும் காயைவிட மலிவாகவே கிடைக்கும், பச்சைப்பயற்றில் பச்சையாக 100 கிராமுக்கு 1,200-க்கும் மேல். ஆளுக்கு 30 கிராம் போட்டு ஒரு கடையல் செய்தால் அதிலேயே 370 வந்துவிடும். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் கீரையையும் சேர்த்து நாளுக்கு 400 கிராம் காய்கறியும் 100 கிராம் பழமும் சாப்பிடச் சொல்கிறது. அந்த அளவை ஒட்டிச் சாப்பிட்டு, பயறும் தயிரும் கூட இருந்தால், பொட்டாசியத்தை நினைத்து மெனக்கெடவே வேண்டியதில்லை.

சர்க்கரை உள்ளவர்கள் பாவம், பழம் வேண்டாம், கிழங்கு வேண்டாம் என்று ஆளாளுக்குச் சொல்லிச் சொல்லி அவர்கள் தட்டில் எதுவுமே மிஞ்சுவதில்லை. சிறுநீரகம் நன்றாக இருந்தால் கீரை, முருங்கைக்காய், வாழைத்தண்டு, பயறு, கொள்ளு, மோர் எல்லாம் தாராளமாகச் சேர்க்கலாம். பழத்துக்குக் கொய்யா, அரைப் பழமாக இருந்தால் நல்லது, சாறாக்காமல் கடித்துத் தின்ன வேண்டும். வருடத்துக்கு ஒருமுறை கிரியேட்டினினும் சிறுநீரில் புரதமும் பார்த்துக்கொண்டே இதைச் செய்யுங்கள், சர்க்கரை முதலில் கை வைக்கிற இடங்களில் சிறுநீரகமும் ஒன்று.

உப்பு, இந்துப்பு, பாக்கெட் உப்பு

பொட்டாசியம் கூடினால் பி.பி. ஏன் இறங்குகிறது என்றால், அது போதுமான அளவு வந்துகொண்டிருக்கும்போது சிறுநீரகம் சோடியத்தைப் பிடித்து வைக்காமல் சிறுநீரில் விட்டுவிடுகிறது, ரத்தக் குழாய்களும் கொஞ்சம் தளர்கின்றன. ஆக ஒரு பக்கம் பொட்டாசியத்தைக் கூட்டிக்கொண்டே இன்னொரு பக்கம் ஊறுகாயும் அப்பளமும் வத்தலும் தட்டில் ஏறினால் பாதி உழைப்பு வீண். உப்பு நாளொன்றுக்கு 5 கிராமுக்குள், அதாவது மட்டமாக ஒரு டீஸ்பூன், அது குழம்பு, ரசம், பொரியல், மாவில் போடுவது எல்லாம் சேர்த்து. எங்கள் வீட்டில் ஊறுகாய் ஞாயிற்றுக்கிழமைக்குப் போய்விட்டது, அம்மாவுக்கு அதில் வருத்தம்தான்.

இந்துப்பில் பொட்டாசியம் நிறைய இருக்கிறது என்று நம்பி வாங்குகிறார்கள். அதிலும் பெரும்பகுதி சாதாரண உப்பு, அதே சோடியம் குளோரைடுதான். பொட்டாசியம் இருந்தாலும் ஏதோ பேருக்கு.

கடையில் "சோடியம் குறைந்த உப்பு" என்று பாக்கெட்டில் வருகிறதே, அது வேறு. அதில் சோடியம் குளோரைடில் ஒரு பங்கை எடுத்துவிட்டுப் பொட்டாசியம் குளோரைடைக் கலக்கிறார்கள். சீனாவில் 600 கிராமங்களில் ஏறக்குறைய 21,000 பேரை வைத்து நடத்திய பெரிய ஆய்வின் முடிவு 2021-இல் வெளிவந்தது. முக்கால் பங்கு சாதா உப்பும் கால் பங்கு பொட்டாசியம் உப்பும் கலந்ததைப் பயன்படுத்தியவர்களுக்குப் பக்கவாதம் 14 சதவீதம் குறைந்திருந்தது. 2025 ஜனவரியில் உலக சுகாதார நிறுவனமும் பெரியவர்கள் வீட்டுச் சமையலில் இதைப் பயன்படுத்தலாம் என்று பரிந்துரைத்தது, ஆனால் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், கர்ப்பிணிகள், குழந்தைகள் ஆகியோருக்கு அந்தப் பரிந்துரை கிடையாது. நான் மேலே சொன்ன ராமிப்ரில், டெல்மிசார்டன் வகை மாத்திரை எடுப்பவர்களும் டாக்டரைக் கேட்காமல் வாங்க வேண்டாம். ஒரே சட்டியில் எல்லோருக்கும் சமைக்கிற கூட்டுக் குடும்பத்தில் இதை நினைவில் வைத்தே தீர வேண்டும், உங்களுக்கு மருந்தாக இருக்கிற உப்பு உங்கள் மாமனாருக்கு ஆபத்தாகிவிடலாம். எங்கள் வீட்டில் பெரியப்பா அடிக்கடி வந்து போவதால் அதை வாங்குவதே இல்லை.

பொட்டாசியம் சிரப், மாத்திரை பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்: டாக்டர் எழுதிக் கொடுத்தால் மட்டும், சொன்ன அளவு, சொன்ன நாள் வரை. நீர் மாத்திரை எடுக்கும் ஒருவருக்குக் கொடுத்த சிரப் அலமாரியில் மீதி இருக்கிறதென்று அசதியாக இருக்கிற இன்னொருவருக்கு ஊற்றிக் கொடுக்கிற பழக்கம் சில வீடுகளில் உண்டு. செய்யாதீர்கள். சாப்பாட்டிலிருந்து வருவது மெதுவாகக் கலக்கும், சிரப் மொத்தமாகப் போய் இறங்கும்.

வயிற்றுப்போக்கு சமயத்தில் பொட்டாசியம் வேகமாக வெளியே போகும். அப்போது மருந்துக்கடையில் கிடைக்கிற, தண்ணீரில் கரைத்துக் குடிக்கிற ஓ.ஆர்.எஸ். பொடிதான் சரி, உலக சுகாதார நிறுவனத்தின் கலவையில் லிட்டருக்கு 1.5 கிராம் பொட்டாசியம் குளோரைடு இருக்கிறது. வீட்டில் கலக்கும் உப்பு சர்க்கரைத் தண்ணீரில் பொட்டாசியம் இல்லை. இளநீரில் பொட்டாசியம் உண்டு, சோடியம் போதாது, அதனால் அதை மட்டும் கொடுத்துச் சமாளிக்க முடியாது.

அம்மாவுக்கு மாத்திரை நிற்கவில்லை, அதை எதிர்பார்த்து இதைத் தொடங்கவும் இல்லை. பி.பி.யின் மேல் எண் இப்போது பெரும்பாலான நாட்களில் 130-க்குப் பக்கத்தில் நிற்கிறது, மாத்திரைக்கு எவ்வளவு பங்கு, கிண்ணத்துக்கு எவ்வளவு பங்கு என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியாது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை பொட்டாசியமும் கிரியேட்டினினும் பார்க்கிறோம். நீங்கள் நாளைக்கே தொடங்குவதாக இருந்தால் ஒரு கட்டுக் கீரை வாங்கி, இரண்டு பேருக்கு மட்டும் சமைத்து, சோறு போடுவதற்கு முன்னால் கிண்ணத்தில் எடுத்து வையுங்கள்.